பட்டன் டப்பாவில் ஒரு போல்ட்

"எழுந்திருங்க மாப்பிள்ளை. நான் படுத்துக்கிறேன்."

"பரவாயில்ல மாமா. ஏற்கெனவே படுத்தாச்சு."

"மாப்பிள்ளையைத் தரையில படுக்க வெச்சு வேலை வாங்குறான்னு நாலு பேர் பேசுவாங்க."

"காருக்கு அடியில கிடக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்?"

"கால் தெரியுதே," என்றார் மாமனார். "அதுவும் சாக்ஸ்ல ஓட்டையோட."

அடியில் கிடந்தவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் இரும்புச் சாய்தளங்களில் ஏறி நின்றன. சற்று நேரம் ஓடவிட்டு அணைத்திருந்த எஞ்சின், ஆறுகிறபோது வரும் டிக் டிக் சத்தத்தை நெஞ்சுக்கு நேர் மேலே எழுப்பிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு கார் நிற்கிற அளவுக்குத்தான் இடம். மாமனார் அந்த இடுக்கில் குந்தி உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்துபோய், உள்ளே எட்டிப் பார்த்தபடி இருந்தார். தையல்காரர். முன்னறைதான் அவருடைய கடை. மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை.

கார் மாப்பிள்ளையுடையது, அதாவது அவனும் மனைவியும் சேர்ந்து வாங்கியது. போன மாதம் அவள் அதை ஓட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள் திரும்பவில்லை. நாளைக் காலை அதே காரில் வெளியூரிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள். நீண்ட பயணம். அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வாள் என்று பேச்சு. "ஆயில் மாத்தணும்னு ஏதோ விளக்கு எரியுதாம் மாப்பிள்ளை, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்," என்று காலையில் மாமனார் ஃபோன் செய்திருந்தார். இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கடை இருப்பது அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்பேனரைத் திருப்பினான். எண்ணெய் வடியும் துளையை அடைத்திருந்த போல்ட் முரண்டுபிடித்து, பிறகு மனசு மாறியதுபோல் சட்டென்று இளகியது. விரலால் கழற்றி எடுத்ததும் கறுப்பு எண்ணெய் வளைந்து விழுந்தது. முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக, கடைசியில் ஒரு கறுப்பு நூலாக, கீழே வைத்திருந்த பழைய பேசினுக்குள் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு நன்றாக வரும்.

சொந்தக்காரர்கள் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவன் அவன். எது வேண்டும் என்று வாய் திறக்காத பிள்ளை எல்லா வீட்டிலும் நல்ல பிள்ளை. அந்தப் பெயரை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். "நான் கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கேன்," என்று அவள் சொன்ன அன்று, "சரி" என்றான். கீழே இறங்கிப்போய் நான்கு டயரிலும் காற்று பார்த்தான். கண்ணாடி துடைக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தான். அவளுடைய பையை அவனே பின்சீட்டில் வைத்தான். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டு வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு இவன் கையாட்டினான்.

"எனக்கும் ஒரு வேலை குடுங்க மாப்பிள்ளை. சும்மா உட்கார்ந்தா ஒரு மாதிரியா இருக்கு."

"இந்தாங்க, இதைத் துடைங்க."

மாமனார் போல்ட்டை வாங்கி, பூப்போட்ட வெட்டுத்துணி ஒன்றால் மோதிரத்தைத் துடைப்பதுபோல் துடைத்தார். அதற்குள் மாப்பிள்ளை பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே திருகிப் பொருத்தினான். போல்ட்டுக்காகக் கை நீட்டினான்.

"இதை நான்தான் மாட்டுவேன்," என்றார் மாமனார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சா அப்புறம் நான் எதுக்கு? வெளியே வாங்க. கை கழுவிக்குங்க."

"இறுக்கமா மாட்டணும் மாமா."

"நாப்பது வருஷமா பட்டன் தைக்கிறேன். ஒண்ணு கழண்டதுன்னு யாராவது சொன்னாங்களா?"

மாப்பிள்ளை வெளியே வந்தான். பக்கத்துச் சுவர் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் துணிகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவன் யோசித்தான். "சாப்பிடல."

"பொய்யாவது ஒழுங்கா சொல்லத் தெரியுதா." ஒரு புடவையின் ஓரத்தைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மடித்தாள். "மாடியில செடிக்கெல்லாம் தண்ணி ஊத்துறீங்களா?"

"ரெண்டு வேளையும்."

"ரெண்டு வேளை ஊத்தினா அழுகிடும்."

"அழுகிடுச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பைக்குள் குனிந்தாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த வார்த்தை எங்கோ தொண்டைக்குக் கீழே, கண்ணாடிக் கடையில் தேய்க்காமல் கிடக்கும் லென்ஸ் மாதிரி மங்கலாக இருந்தது. பைப்பைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆள் வந்து, தன் பேண்டுக்குக் கால் நீளமா இருக்கு என்று குரல் கொடுத்தார். மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து முன்னறைக்குப் போனார். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் வேலை முடித்தவரின் நிறைவு இருந்தது. "ஊத்தலாமா?" என்றார்.

போல்ட்டை மாட்டினாரா என்று குனிந்து பார்க்க மாப்பிள்ளைக்கு ஒரு கணம் தோன்றியது. பார்த்தால், அவரை நம்பவில்லை என்றாகும். கேட்டால் அதைவிட மோசம். பேசாமல் மூடியைத் திறந்து, புனலை வைத்து, புது ஆயிலைச் சாய்த்தான். மாலை வெளிச்சத்தை யாரோ உருக்கி டப்பாவில் அடைத்த மாதிரி அது வழவழவென்று இறங்கியது. இருவரும் மரியாதையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டப்பா காலியாகும்வரை ஊற்றினான்.

"என்னங்க," என்று ஜன்னலிலிருந்து அவள் சொன்னாள். "கீழே என்ன சத்தம்?"

மாப்பிள்ளை குனிந்தான். புது எண்ணெய், வந்த வழி தெரியாமல், பேசினிலிருந்த கறுப்பின் மேல் பொன் நிறத்தில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மாமா. போல்ட்?"

மாமனார் சட்டைப் பையைத் தட்டினார். பேண்ட் பையைத் தட்டினார். அளவு நாடாவைக்கூடத் தூக்கிப் பார்த்தார். "நீங்க மாட்டலையா மாப்பிள்ளை?" என்றார், சத்தம் எழும்பாமல்.

முன்னறையில் தகர டப்பா குலுங்குகிற சத்தம் கேட்டது. மாமியார் இரண்டு விரலில் போல்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "பட்டன் டப்பாவுல இருந்தது. கையில எது இருந்தாலும் அதுக்குள்ள போட்டுடுவார். கல்யாணமான புதுசுல என் தோடு ஒண்ணு அதுலதான் கிடந்தது. நான் வீடெல்லாம் பெருக்கிட்டேன்."

"அந்த ஆள் பேண்டைக் கையில குடுத்துட்டாரு," என்றார் மாமனார். "பழக்க தோஷம்."

"அவர் பேண்டுல ஆயில் படலையே?" என்றாள் மாமியார்.

"பட்டிருக்கும்."

ஜன்னலுக்கு உள்ளே அவள் சிரித்தாள். முதலில் அடக்கிக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல், மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. மாமியார் கணவரின் முழங்கையைப் பிடித்து, "வாங்க, கை கழுவுங்க," என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் போல்ட்டை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

மனைவி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பேசினைப் பார்த்தாள். கண்ணில் இன்னும் சிரிப்பின் ஈரம் இருந்தது.

"அப்பா மாட்டினாரான்னு நீங்க கேட்கலையா?"

"பெரியவரைப் போய் எப்படிக் கேட்கிறது?"

"கேட்டா என்ன ஆயிடும்?"

அவன் கடைசிச் சொட்டுகள் விழுந்து முடியும்வரை காத்திருந்து, மறுபடி அடியில் ஊர்ந்துபோய் போல்ட்டை மாட்டினான். ஸ்பேனரால் இறுக்கினான். ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தான். அங்கிருந்து, எழுந்து நின்றுவிட்ட அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை நகரவில்லை. ஒரு கட்டைவிரல் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யோசிக்கும்போது அவள் அப்படித்தான் நிற்பாள்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா ஸ்கூட்டர் சாவி எங்கே இருக்கு?" என்றான். "கடை மூடறதுக்குள்ள புது ஆயில் வாங்கிட்டு வந்துடறேன். ராத்திரிக்குள்ள முடிச்சுடலாம். காலையில நீ கிளம்பலாம்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது. "உள்ளே ஆணியில மாட்டியிருக்கு," என்றாள். "சீக்கிரம் போங்க. அந்தக் கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு மூடிடுவார்."

இரண்டடி வைத்தான். அன்று டயருக்குக் காற்று பார்க்க இறங்கிப்போன அதே கால்கள்தான். ஆயில் ஊற்றினால் கார் ஓடும். கார் ஓடினால் அவள் போவாள். தன் கையாலேயே அதைத் துடைத்துத் தயார்செய்து வாசலில் நிறுத்திவிட்டு மறுபடியும் கையாட்டப்போகிறோம் என்பது, ஏதோ அப்போதுதான் லென்ஸ் மாட்டிப் பார்த்ததுபோல், அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

திரும்பினான். கையில் கந்தல் துணி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் இப்போ கடைக்குப் போகல."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணு வேணும். கேட்கத் தெரியல. தப்பா கேட்டா திட்டாதே."

சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒருவர் நிற்கத்தான் இடமிருந்தது. இருவரும் அதில் நின்றார்கள்.

"அக்கா வீட்டுக்குப் போகாதே," என்றான். குரல் கொஞ்சம் உடைந்தது. விட்டுவிடாமல் தொடர்ந்தான். "நம்ம வீட்டுக்கு வந்துடேன்."