பன்னிரண்டு சுற்று

தெருவுக்குத் தண்ணீர் திறக்கும் சாவி தையல்காரியிடம் இருந்தது. காலை ஆறு மணிக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் விடுவார்கள். உடனே அவள் தெருமுனைக் குழிக்குள் சாவியை இறக்கி, இடப்பக்கமாகப் பன்னிரண்டு சுற்று சுற்றித் திறக்க வேண்டும். ஏழு மணிக்குக் குடிநீர் அலுவலகத்து வால்வுக்காரர் வந்து, வலப்பக்கமாகப் பன்னிரண்டு சுற்றி மூடிவிட்டுப் பின்தெருவுக்குத் திறப்பார். இருவருக்கும் ஒரே நோட்டு. ஆளில்லை என்று அலுவலகம் கையை விரித்தபோது, "பாதி வேலையை நாங்க பாத்துக்கறோம்" என்று மன்றாடி இந்த ஏற்பாட்டை வாங்கியவளே அவள்தான்.

நான்கு நாளாக ஆறு மணிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏழுக்கு மேல், எல்லோரும் வேலைக்கு ஓடிய பிறகு வருகிறது.

"அம்மா ஏழு வரைக்கும் தூங்குறாங்க, வேறென்ன?" என்றார் எதிர்வீட்டு மணிக்கூண்டு. தெருவுக்கே நேரம் சொல்வதால் வந்த பெயர். "நாளைக்கும் வரலேன்னா சாவியை ஆபீஸ்லயே குடுத்துரலாம்."

"அண்ணி, நீங்க அஞ்சரைக்கே எழுந்ததுக்கு நான் சாட்சி," என்றாள் நாத்தனார். "ஆனா என் சாட்சியை வச்சு சட்டி கழுவ முடியாதே."

தூக்கத்தில்தான் சுற்றுகிறேனோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது: "6.00 திறந்தேன்."

மறுநாள் வால்வுக்காரரை ஆறு மணிக்கே வரவழைத்தாள். அவர் பார்க்கப் பார்க்கப் பன்னிரண்டு சுற்றினாள். குழாய் வாயே திறக்கவில்லை.

"நகருங்கக்கா." அவரும் இடப்பக்கமாகவே முக்கினார். சாவி அசையவில்லை. "முழுசாத்தான் திறந்திருக்கு. சரி, மூடிட்டு முதல்லேருந்து திறப்போம்."

வலப்பக்கம் நான்கு சுற்றுகூட ஆகவில்லை, குழாய் உறுமியது. குடங்கள் கணகணவென்று ஓடி வந்தன.

"மூடினா வருதே!" என்றாள்.

வால்வுக்காரர் குழிக்குள் குனிந்தார். உள்ளே புத்தம்புது பச்சை வர்ணம். "போன வாரம் வால்வை மாத்தியிருக்காங்க. இது எதிர்ப்பக்கம் திறக்கிற ரகம். என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

"எங்கிட்ட மட்டும் சொன்னாங்களாக்கும்?"

"அப்போ நாலு நாளா..."

"நான் மூடினேன், நீங்க திறந்தீங்க."

"இன்னிக்காவது நேரத்துக்கு எழுந்தியே," என்றார் மணிக்கூண்டு, குடத்தை வைத்தபடி. அவள் காதில் விழவில்லை. நோட்டில் "6.10 மூடினேன்" என்று எழுதி, அடித்துவிட்டு, "திறந்தேன்" என்று எழுதினாள். சாவி அவளிடமே இருந்தது.

ஏழு மணி ஆயிற்று. மூடுவதற்கு இருவரும் சேர்ந்தே சாவியைப் பிடித்தார்கள். பழக்கதோஷத்தில் அவர் வலப்பக்கம் தள்ள, அவள் இடப்பக்கம் இழுக்க, சாவி நின்ற இடத்திலேயே நின்றது.