மூன்றாவது கூப்பாடு

ஆடிக் காற்றில் ஏரிக்குப் போக முடியாத நாட்களில் கோட்டைக்குப்பத்தார் வம்சம் சொல்லக் கூடுவார்கள். ஆளாளுக்கு ஏழு தலைமுறையைத் தப்பாமல் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். தலைவர் வீட்டு வலைக்கயிற்றில் பிறந்தவனுக்கு ஒரு முடிச்சு, செத்தவன் முடிச்சில் ஒரு மண்குண்டு. கயிற்றில் முடிச்சு இருக்கிற குடும்பத்துக்குத்தான் ஏரியில் பாடு, அதாவது வலை போடும் முறை. முடிச்சு போனால் சோறு போயிற்று.

அந்தப் பஞ்ச வருஷத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். திரௌபதி கைப்பிள்ளையோடு எழுந்து, புருஷன் வீட்டு ஏழு பெயரையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசிப் பெயருக்கு முன்னால் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"துளசிங்கம். ஏரில முழுகிப் பூட்டாரு."

பொய். துளசிங்கம் ஒல்லாந்து வெள்ளைக்காரர் கோட்டைக் கொட்டடியில் உயிரோடுதான் இருந்தான். ஒரு மூட்டை அரிசிக்காகக் கப்பல் தரகனிடம் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவன். அப்படி விற்றுக்கொண்டவனின் முடிச்சை அறுத்துவிடுவது குப்பத்து வழக்கம். அவன் பிள்ளைக்கும் பாடு கிடையாது. அதனால்தான் போகுமுன் ஏழு பெயரையும் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான். "ஏரில முழுகிப் பூட்டேன்னு சொல்லு. புள்ளயாச்சும் பொழைக்கும்" என்றான். அந்த அரிசியைத் தின்றுகொண்டேதான் அவள் இந்தப் பொய்யைப் பழகினாள்.

துளசிங்கத்தின் பங்காளி குப்பனுக்கு அந்தப் பாடு மேல் கண். துளசிங்கம் கொட்டடியில் கிடப்பது அவன் காதுக்கும் எட்டியிருந்தது. ஊரே பட்டினி கிடக்கையில் பங்காளிக்கு மட்டும் இரக்கம் எங்கிருந்து வரும்?

"பொணம் எங்க? வழக்கப்படி கரையில நின்னு கூப்புடுவோம்" என்றான்.

பிணம் கிடைக்காதவனைக் கரையில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தாலே பதில்தான். பதில் வராவிட்டால் செத்தவன், யார் கண்ணில் பட்டாலும் சரி. தலைவர் சகாதேவனுக்கு மறுக்க வழியில்லை.

"நாளைக்குக் காலைல வெச்சுக்கலாம்" என்றான் குப்பன். கொட்டடி ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றுவதும் நாளைக் காலையில்தான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காற்று சற்று அடங்கியதும் கோட்டையிலிருந்து கயிற்றில் கோத்த வரிசை கரைக்கு வந்தது. நடுவில் துளசிங்கம். குப்பத்தார் நின்ற இடத்தைத் தாண்டித்தான் படகுக்குப் போக வேண்டும். திரௌபதி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிடாதே சாமி, திரும்பிடாதே என்று வேண்டிக்கொண்டது அவள் மனசு.

"துளசிங்கம்" என்று குப்பன் தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

இரண்டாவது கூப்பாட்டில் பிள்ளை மிரண்டு வீறிட்டது. அவள் அதன் வாயைப் பொத்தவில்லை. தகப்பன் அதையாவது கேட்டுக்கொண்டு போகட்டும்.

மூன்றாவது கூப்பாட்டுக்கு வரிசையில் இருந்த அத்தனை தலையும் குப்பத்தார் பக்கம் திரும்பின, காவல்காரன் தலை உட்பட. ஒரு தலை மட்டும் படகைப் பார்த்தபடியே நடந்தது.

"பதில் இல்ல" என்றார் சகாதேவன். கயிற்றை எடுத்து, துளசிங்கத்தின் முடிச்சில் மண்குண்டைக் கட்டினார்.

பிள்ளைக்குப் பாடு நிலைத்தது. ஆனால் ஒரே ஒரு தரம் திரும்பியிருக்கக் கூடாதா பாவி என்று திரௌபதி மனசுக்குள் திட்டினாள். வேண்டிக்கொண்டவளும் அவள்தான்.

படகு இன்னும் முகத்துவாரம் தாண்டவில்லை. அதற்குள் பெண்கள் வந்து அவள் தாலியை வாங்கினார்கள். புருஷன் செத்தவள் அழலாம், அதற்குத் தடை இல்லை. மண்ணில் விழுந்து, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். அந்தக் குரல் படகுவரை கேட்டது.

அப்போதும் அவன் திரும்பவில்லை.