அறுத்த குழல்கள்

இரத்தினசிங்கத்தின் வீட்டில் வைத்தால், அறுத்துக் குறுக்கிய ரிவோல்வர்களின் குழல்கள் திரும்ப வளர்ந்தன. ஆண்டுக்கு நாலு மில்லிமீற்றர். குளிர்காலத்தில் கொஞ்சம் குறைய, கோடையில் கொஞ்சம் கூட. கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு செங்கல் வீடு, பின்வளவில் தகரக் கொட்டகை. வீட்டுக்குள் வைத்தாலும் வளர்ந்தது, கொட்டகையில் வைத்தாலும் வளர்ந்தது. பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்தார்கள், அங்கே ஒரு மயிரளவும் அசையவில்லை. மண்ணின் குணமா, அந்த மனிதரின் ராசியா என்று ஆராய யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எழுபதுகளில் மெல்பேர்ணில் எல்லோரும் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தார்கள்.

இவற்றைச் சேகரிக்கிறவர்களின் பைத்தியத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். போருக்கென்று செய்த ரிவோல்வர்கள் பலவற்றுக்கு ஐந்தங்குலக் குழல். போர் முடிந்ததும் மிஞ்சிக் கிடந்தவற்றைப் பட்டறைக்காரர்கள் வாங்கி, பொக்கற்றுக்குள் அடங்கட்டும் என்று இரண்டங்குலத்தில் அறுத்து, குறிபார்க்க உதவும் முன்குறியைப் புதிதாக ஒட்டி, மினுக்கி விற்றார்கள். இராணுவத்துக்கென்றே கட்டைக் குழலோடு பிறந்தவையும் ஏதோ கொஞ்சம் உண்டு. பிறவிக் கட்டையா, அறுத்த கட்டையா என்பதில்தான் சேகரிப்பவர்களின் மானம் மரியாதை எல்லாம் தொங்கியது. இலங்கையில் ஆயுதம் திருத்தும் பட்டறையில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு, 1968இல் இங்கே வந்து, தொழிற்சாலையொன்றில் அளவு சரிபார்ப்பவராக இருந்த இரத்தினசிங்கத்துக்கு இது தண்ணீர்பட்ட பாடு. குழலின் பக்கத்தில் கம்பனிப் பெயர் பாதியில் நிற்கிறதா, வாய் விளிம்பு ஒழுங்காக உருண்டிருக்கிறதா, முன்குறியின் அடியில் பற்றவைத்த தடம் தெரிகிறதா என்று பார்த்து ஒரே சொல்லில் முடிவு சொல்வார். நம்பாதவர்கள் ஆறு மாதம் விட்டுவிட்டுப் போகலாம். அறுத்ததென்றால் வளரும், பெயரின் விடுபட்ட எழுத்துகளும் கூடவே வரும். பிறவிக் கட்டை அப்படியே கிடக்கும். பஸ் ஓட்டுகிற கிளிஃப் தன் தகப்பன் வைத்திருந்த 'அசலை' விட்டுவிட்டுப் போய், இரண்டு மில்லிமீற்றர் கூடியிருந்ததைக் கண்டு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஒவ்வொரு ஜூலையும் துப்பாக்கிப் பதிவு அலுவலகத்திலிருந்து வரும் சார்ஜன்ட் டொயில், எல்லாவற்றையும் அளந்து, பழைய நீளத்தை வெட்டிப் புதியதை எழுதிக் கையெழுத்து வைப்பார். படிவத்தில் காரணம் எழுத இடம் இல்லை.

இரத்தினசிங்கத்துக்கு ஒரு தம்பி. பெயர் மகேந்திரராஜா. தெற்கே ஒரு பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர். 1971 சித்திரையில் கிளர்ச்சிக்காரர்கள் அந்த நிலையத்தை எரித்தபோது பிணங்களில் அவன் பிணம் இல்லை, பிழைத்தவர்களிலும் அவன் இல்லை. அவனும் 417ஆம் இலக்க ரிவோல்வரும் காணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். கலியாணம் செய்து பதினொரு மாதமேயான அவன் மனைவி சிவனேஸ்வரி பொட்டையும் தாலியையும் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். மாதம் ஒரு நீலக் கடிதம் மெல்பேர்ணுக்கு, கணவனின் தமையனுக்கு வரும். ‘அத்தான், ஏதும் அறிஞ்சனீங்களோ?’ மற்ற வரிகளெல்லாம் சும்மா ஒப்புக்கு.

1973 ஜூலையில் கிளிஃப் ஒரு பிஸ்கற் தகரத்தில் கட்டை ரிவோல்வர் ஒன்றைக் கொண்டுவந்தான். துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியதாம். மூடியைத் திறந்ததுமே இரத்தினசிங்கம் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிடியின் வலப்பக்கம் கருங்காலி. கீழே விழுந்து பிடி வெடித்துவிட்டது, ஊர்த் தச்சனைக் கொண்டு கருங்காலியில் ஒன்று போடுவித்தேன், இனி என் உயிர் போனால்தான் இது இடுப்பை விட்டுப் போகும் என்று தம்பி எப்போதோ எழுதியிருந்தான். அடியிலிருந்த இலக்கத்தை யாரோ தேய்த்திருந்தார்கள். பட்டறை நாட்களிலிருந்தே அவருக்குத் தெரியும், அந்த நிலையத்து ஆயுதக் காப்பாளருக்குக் குழலின் நடுவிலும் இலக்கத்தைத் தட்டும் பழக்கம் இருந்தது. திருடன் அது தெரிந்தே, இலக்கம் முழுதும் போகும்படி, சரியாக அது தொடங்கும் இடத்தோடு அறுத்திருந்தான். தன்னிடமிருந்த பிறவிக் கட்டை ஒன்றைக் கொடுத்து அவர் இதை மாற்றிக்கொண்டார். இந்த மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று கிளிஃப் நினைத்தான்.

பிடி என்பது ஒரு மரத்துண்டு, எவனும் எதிலும் பொருத்தலாம், இலக்கம்தான் பேசும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊருக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தவர். ஆறு மாதத்தில் 4 வந்தது. அந்த நிலையத்து ரிவோல்வர்கள் முப்பதும் 401இலிருந்து 430 வரைதான், ஆகவே 4இல் ஒன்றுமில்லை. அடுத்த ஆறு மாதத்தில் அதன் பக்கத்தில் நெட்டுக்கு ஒரு கோடு எழுந்தது. 1. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் ரிவோல்வரை வைஸில் இறுக்கி, அரத்தை எடுத்து, இரண்டு இலக்கமும் போகுமட்டும் அராவினார். விளிம்பை உருட்டி, எண்ணெய் தடவி, மற்றவற்றோடு அடுக்கிவிட்டுக் கை கழுவினார். அந்த வாரம் வந்த டொயில் அளந்து 51 என்று எழுதினார். மறு வருடமும் 51. டொயில் பேனாவை மூட ஒரு கணம் பிந்தினார்.

1975இல் சிவனேஸ்வரியிடமிருந்து மாதக் கணக்குக்கு முந்தியே கடிதம் வந்தது. சாவகச்சேரியில் ஒரு தபாலதிபர், மனைவி இல்லாதவர், எல்லாம் தெரிந்தே கேட்கிறார். அவளுக்கு அப்போது இருபத்தேழு. ‘நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அத்தான். அவர் இல்லையெண்டால் இல்லையெண்டு எழுதுங்கோ.’ இரத்தினசிங்கம் மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார். பிறகு, ஒன்றும் அறியவில்லை, பொறுத்திரும் பிள்ளை என்று எழுதினார். அவள் தபாலதிபருக்கு மறுத்துச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

இரத்தினசிங்கத்தின் மனைவி யோகா அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று மட்டும் குசினியில் நின்றபடி சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கையையும் சேத்துத்தான் அராவுறியள்.”

“நீர் பேசாம இரும்,” என்றார் அவர். அவள் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போய் வந்தார். தம்பி எங்கோ ஒரு கடையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்க, அவருக்கு இரண்டு மில்லிமீற்றர் இடம் தேவைப்பட்டது. பாவி மனிதன், வேறென்ன சொல்ல.

1977 மார்ச்சில், எத்தனையோ படிவங்கள் நிரப்பி, சிவனேஸ்வரியையே கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. வந்த இரண்டாம் வாரம், கொட்டகையைக் கூட்டப் போனவள் ரிவோல்வர்கள் அடுக்கிய இறாக்கையையும் பக்கத்தில் தொங்கிய டொயிலின் அளவுப் படிவங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிடியை அவளும் கடிதத்தில் அறிந்தவள்தானே.

“மற்றதெல்லாம் வளருது. இது மட்டும் ஏன் அத்தான் வளரேல்லை?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“எத்தினை தரம் அராவினீங்கள்?”

“ஆறு.”

தபாலதிபரைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. “இனி விடுங்கோ,” என்றாள். “வளரட்டும். எனக்குத் தெரியவேணும்.”

விட்டார்கள். வேலையால் வந்து சீலை மாற்றுவதற்கு முன்னமே அவள் கொட்டகைக்குப் போவாள். நீளம் அளக்கும் வேணியரைப் பிடிக்க இரத்தினசிங்கமே பழக்கிவிட்டார். ஜூலையில் 4 முழுதாக வந்தது. டொயில் 53 என்று எழுதிவிட்டு, நல்லது என்றார், ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. 1978 தை மாதம் 1 வந்து முடிந்தது. 410, 411, 412 என்று 419 வரை, இன்னும் பத்துப் பேரில் யாருடையதாகவும் இருக்கலாம். அவள் அந்த நாட்களில் கொஞ்சம் சதை போட்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு இங்கிலிஷில் சிரித்தாள். முடிவு வந்தால் அழுதுவிட்டு எழும்பலாம் என்று தோன்றியிருக்கவேண்டும். இரத்தினசிங்கமும் அதையேதான் வேண்டிக்கொண்டார்: எது வந்தாலும் வரட்டும், என் கைப்பாவம் தொலையட்டும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பத்து மணிபோல, அவள் கூப்பிட்டாள். விளிம்பில், மேல்பக்கமாக, படுக்கையாக ஒரு கோட்டின் நுனி, நூல் தடிப்பு. அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“இது என்ன இலக்கம் அத்தான்?”

மெல்பேர்ண் முழுக்க அவரிடம் இப்படித்தான் கேட்டது, அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. இப்போது இரண்டாம் முறையும் குனிந்து பார்த்தார். “ஏழு, பிள்ளை,” என்றார் ஒருபடியாக. “வேறை ஒண்டும் இப்பிடித் தொடங்காது.” சொல்லிவிட்டு, ஏழு வருடமாக அழாத மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் கண்ணாடியை வாங்கிச் சீலைத் தலைப்பால் துடைத்து, தானும் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

“முழுசா வரேல்லைத்தானே,” என்றாள். “வராததை எப்பிடி ஏழெண்டு சொல்லுறது.”

அரம் ஆணியில் தொங்கியது. அவள் எட்டி எடுத்தாள். தெரியவேணும் என்று நீர்தானே சொன்னீர் என்று கத்தவேண்டும்போல் அவருக்கு இருந்தது. அவன் இல்லை பிள்ளை, நீர் போய் வாழும் என்று காலைப் பிடித்தாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆறு தரம் அராவியவர் எந்த வாயால் எதைச் சொல்வது? அவள் ரிவோல்வரை வைஸில் கோணலாக வைத்துத் திருகினாள், அது வழுக்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பழந்துணியைச் சுற்றி, நேராக வைத்து இறுக்கிக் கொடுத்தார். பழக்கமில்லாத கை, ஒரு மணித்தியாலம் பிடித்தது. மூன்று இலக்கமும் போய்த் தூளாக விழுந்தன. பிறகு அவள் குளித்து, பொட்டு வைத்து, மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரித்தாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. வருடத்தில் இரண்டு ஞாயிறு, நடுவிலக்கம் தலைகாட்டும் நேரத்தில், அவள் அராவுவாள், அவர் வைஸை இறுக்கிக் கொடுப்பார். அந்த நாட்களில் யோகா சோற்றுப்பானையைக் கொஞ்சம் பிந்தி அடுப்பில் வைப்பாள்.