மச்சாளுக்கு வாங்கிய நீலக்கண்

1

இந்தக் கதை எனக்கு லண்டன் கிங்ஸ்பரி மரக்கறிக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற சுலோச்சனா, இஸ்தான்புல்லில் வாங்கிய ஒரு பரிசைப் பற்றிப் புலம்பித் தீர்த்துவிட்டு, "கதையா எழுதுங்கோ. ஆனா என்ர பேரைப் போடாதேங்கோ" என்றார். போட்டுவிட்டேன். வேறு பேர் வைத்துப் பார்த்தேன். அந்தப் பேருக்கெல்லாம் இவ்வளவு கோபம் வரவில்லை.

2

'இஸ்தான்புல்லின் பொன்மாலைப் பொழுதில், பாங்கொலி மிதந்துவர, சுலோச்சனா...'

வேண்டாம். நான் துருக்கிக்குப் போனதில்லை. பொன்மாலை யூடியூபில் பார்த்தது. சுலோச்சனா கடைத்தெருவுக்குப் போனது கொட்டும் மழையில். கம்பளத்தைத் தடவினார், செப்புக் கெண்டியைத் தூக்கினார், பூப்போட்ட பீங்கான் தட்டைச் சுண்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் "உது லண்டனிலயும் கிடைக்கும்" என்றார். நம்மவர்கள் உலகம் சுற்றுவதே இதைச் சொல்லத்தான்.

கடைசியில் நீலக் கண்ணாடியில் செய்த கண். வாசலில் தொங்கவிட்டால் கண்ணூறு படாதாம். உடனே மச்சாள், கணவரின் அக்கா சந்திரவதனா, நினைவுக்கு வந்தார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஏனென்று சுலோச்சனாவுக்கு உண்மையாகவே தெரியாது. மறுபடி பேசிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

"மாமிக்கோ?" என்றான் கடைக்காரன், உள்ளங்கை அகலக் கண்ணைக் காட்டி.

"இல்லை, மச்சாளுக்கு."

அதை வைத்துவிட்டு, தோசை அகலத்தில் ஒன்றை எடுத்துவந்தான்.

(துருக்கிக்காரன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவானா என்று கேட்காதீர்கள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மச்சாள் என்றால் என்னவென்று மட்டும் அவனுக்கு விளக்கத் தேவைப்படவில்லை.)

3

மச்சாளைப் பொல்லாதவராக எழுதிப் பார்த்தேன். ஒரு பந்தி முழுக்கக் கண்ணை உருட்டினார். அழித்துவிட்டேன். பாவம், வெஸ்ட் ஈலிங்கில் கடன்பட்டு வீடு வாங்கிய மனுசி.

சுலோச்சனா வீடு தேடிப்போய்க் கொடுத்த பரிசைப் பிரித்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆரின்ர கண்ணுக்கு, சுலோச்சனா?"

"ஆரெண்டில்லை மச்சாள். பொதுவா."

"பொதுவாவோ? எங்கட புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்து, 'ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடோ' எண்டு நீர் சொல்லிப்போட்டுப் போக, அடுத்த கிழமை குசினிச் சீலிங் இடிஞ்சு விழுந்தது. இப்ப மருந்தும் நீரே கொண்டுவாறீர்!"

"எனக்குத் தெரியாது மச்சாள்" என்ற சுலோச்சனா அழுதுவிட்டார். (இந்த இடத்தில் சிரிக்க ஒரு பகிடி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

ஒரு முடிவில் மச்சாள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். டிவி சீரியல் வாடை. இன்னொன்றில் கண் குப்பைக்குப் போனது. எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று கவுன்சிலோடு தகராறு வந்து, கதை...

அதற்குள் சுலோச்சனா எனக்குப் போன் எடுத்தார். மச்சாளின் வீட்டு வாசலில்தான் நிற்கிறாராம். கதவில் நீலக்கண் தொங்குகிறதாம்.

"நான் தந்ததெண்டு ஆசையாக் கொழுவினவவோ, இல்லை நான் வருவன் எண்டு கொழுவினவவோ?"

இரண்டுக்கும் ஆணி அடிக்கிற இடம் ஒன்றுதான்.

"நீங்கள்தானே எழுதுறீங்கள். சொல்லுங்கோ, பெல்லை அடிக்கட்டோ, திரும்பிப் போகட்டோ?"

என்னால் ஏலாது. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், உள்ளே யாரோ திரைச்சீலையை விலக்குகிறார்கள்.