அறுபத்து நான்கும் சரி

என் தங்கை லூர்துராணியின் வீட்டுக்காரர் டோனி எனக்கு வைத்த பட்டப்பெயர் 'செக்கிங் இன்ஸ்பெக்டர்'. அவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத ஜாதி டிக்கெட் பரிசோதிக்க ஏறும் இன்ஸ்பெக்டர்கள்தான். அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தார் என்றால் நான் எவ்வளவு தொல்லை கொடுத்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் சிஸ்டத்தில் பைத்தியம். யாராவது புதுப் பதிப்பை இறக்கி வந்து போட்டுவிடலாமா என்றால் விடமாட்டேன். எங்கே இறக்கினாய், யார் தளம், சரிபார்த்தாயா என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவேன். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்தில் எடுக்கலாமா? எவனோ ஒருவன் உள்ளே எதையாவது செருகி அசல் மாதிரியே வைத்திருப்பான். நாமும் இளித்துக்கொண்டு போடுவோம். இதை நான் சொல்லாத ஆள் திருச்சியில் பாக்கி இல்லை.

சரிபார்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் அறுபத்து நான்கு இடம் கொண்ட ஒரு நீளமான குறி உண்டு, எண்ணும் எழுத்தும் கலந்தது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறி அடியோடு மாறிவிடும். அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் குறியும், நம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும் குறியும் ஒன்றாக இருந்தால் நம் கையில் இருப்பது அசல். கோப்பை இறக்கிய இடத்திலேயே குறியையும் எடுத்தால் பிரயோஜனம் இல்லை; திருடனிடமே சாட்சி கேட்ட கதைதான். ஒப்பிடுவதைக் கம்ப்யூட்டரே ஒரு நொடியில் செய்துவிடும். எனக்குத்தான் அது போதாது. லேபில் நானும் என் உதவியாளன் ஸ்டீபன்ராஜும் ஒருவர் வாசிக்க ஒருவர் திரையில் விரல் வைத்துப் பார்ப்போம். காதால் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன வருஷம் ஆவணி கடைசியில் டோனியின் தொண்டை கட்டியது. பஸ்ஸில் கத்திக் கத்தி வந்தது என்று நினைத்தோம். இரண்டு மாதமாகியும் விடவில்லை. பரிசோதனை எல்லாம் முடிந்து, குரல்பெட்டியில் புற்று, முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சுதான் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது லூர்துராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டோனி, சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற மாதிரி சாதாரணமாக, எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற தேவதர்ஷினி என்ற பெண்தான் ஒரு வழி சொன்னாள். ஆப்பரேஷனுக்கு முன்னால் அவருடைய குரலை வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்து வைத்தால், ஒரு மென்பொருள் அதைக் கற்றுக்கொண்டு, பிற்பாடு அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும். ஆயிரத்து நூறு வாக்கியங்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் கொடுத்தாள். எல்லாம் உப்புச் சப்பில்லாத வாக்கியங்கள். நேற்று மழை பெய்தது, மாமா ஊருக்குப் போனார் என்கிற ரகம்.

டோனி மூன்று வாரம் உட்கார்ந்து அத்தனையையும் வாசித்தார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் அவர்கள் வீடு. மத்தியானம் எல்லோரும் ஓய்ந்த பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்க்க வியர்க்க என் பழைய லேப்டாப் முன்னால் உட்காருவார். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது வாக்கியத்துக்கு மேல் தொண்டை தாங்காது. பட்டியல் முடிந்ததும் சொந்தமாக முப்பது நாற்பது சேர்த்துக்கொண்டார். 'அம்மா மண்டபம் எல்லாம் இறங்கு', 'சில்லறை இல்லாம ஏறாதீங்கய்யா' இப்படி. கடைசியில் பெலிண்டாவுக்காகப் பத்து. பெலிண்டா அவர்கள் மகள், ஆறாம் வகுப்பு. அந்தப் பத்தைப் பதிவு செய்தபோது எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பதிவுகளின் ஒரு பிரதியைத் தன் இணையக் கணக்கில் ஏற்றி வைத்துக்கொள்கிறேன் என்றாள் தேவதர்ஷினி. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு மனுஷனின் குரலைக் கொண்டுபோய் முகம் தெரியாத கம்பெனிக்காரன் கிடங்கில் வைப்பதா என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாவம் அந்தப் பெண், சரி என்று விட்டுவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆப்பரேஷன் அடுத்த திங்கள் என்று இருந்தது. திடீரென்று புதன்கிழமை காலையே என்று மாற்றினார்கள். மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, ஏதாவது ஒலி விடுபட்டிருந்தால் அவரைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். அதற்குச் செவ்வாய் ஒரே நாள்தான் பாக்கி. லேப்டாப்பில் இருந்த லினக்ஸோ பழைய பதிப்பு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, புது மென்பொருள் அதில் ஏறவும் இல்லை. லீவு போட்டுவிட்டு, மத்தியானம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம் போனேன்.

பதிவுகளை முதலில் ஒரு பென்டிரைவில் நகலெடுத்தேன். எங்கள் சொந்த ஊர்ப் பங்குக் கோயில் பவள விழாவுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த பென்டிரைவ் அது. மேலே கோயில் படம். என்னிடம் ஒன்று, டோனியிடம் ஒன்று. நகல் எடுத்தது அவருடையதில். புதுப் பதிப்பைப் போட முதலில் அதை ஒரு பென்டிரைவில் எழுத வேண்டும்; அதற்கு என்னுடையது. இரண்டையும் பக்கம் பக்கமாகச் செருகியிருந்தேன். லேபில் ஒரு மவுஸுக்குக்கூடச் சீட்டு ஒட்டி வைக்கிறவன் நான். அன்றைக்கு ஒட்டவில்லை.

கோப்பு இறங்கி முடிந்தது. செய்தவர்களின் பக்கத்தை என் ஃபோனில் திறந்து குறியை எடுத்தேன். யாராவது வாசிக்க வேண்டுமே என்று பார்த்தபோது டோனியே ஃபோனை வாங்கிக்கொண்டார். தொண்டையைப் புண்ணாக்காதீங்க என்று லூர்துராணி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். அவர் கேட்கவில்லை. நாலு நாலாகப் பிரித்து, ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற ராகத்தில் வாசித்தார். எட்டு, எஃப், மூணு, சி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. சிரித்ததில் இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அறுபத்து நான்கும் சரியாக இருந்தது. எனக்கு ஒரே கர்வம்.

அந்தக் கர்வத்தோடுதான் எழுதும் வேலையைத் தொடங்கினேன். எந்தப் பென்டிரைவ் என்று திரை கேட்டது. இரண்டும் ஒரே பெயரில், ஒரே அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததைத் தொட்டேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்றது. சம்மதம் என்றேன். பிறகு லேப்டாப்பை நிறுத்தி எழுப்பினேன். இரண்டும் செருகியே இருந்ததால், எதில் சிஸ்டம் இருந்ததோ அதிலிருந்து அது எழுந்துகொண்டது. லேப்டாப்பின் வட்டில் இருப்பது முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்றேன். நகல்தான் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. புதுத் திரை பளிச்சென்று வந்தது. இரண்டு பென்டிரைவையும் கழற்றிவிட்டு, டோனியுடையது என்று நினைத்ததைச் செருகினேன். காலியாக இருந்தது. மற்றதைச் செருகினேன். அதில் நான் இறக்கிய லினக்ஸ் இருந்தது, ஒரு எழுத்துகூடப் பிசகாமல். நான் அழித்து எழுதியது டோனியுடையதை.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழிந்ததை மீட்கிற கருவிகளை ஓட்டினேன். பென்டிரைவில் பதிவுகள் இருந்த இடத்தின் மேலேயே புதிது எழுதியாகியிருந்தது. லேப்டாப்பில் இருந்த வட்டு எஸ்எஸ்டி என்கிற ரகம். வேகமாக இருக்கட்டும் என்று நானே வாங்கி மாட்டியது. அதில் வட்டு முழுவதையும் இப்படி அழித்தால் அநேகமாகத் துடைத்து எடுத்துவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? அதுதான் என் யோசனை. வேறு மரியாதையான காரணம் எதுவும் அதற்கு இல்லை.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆறு மணிக்குப் பை எல்லாம் கட்டியாகிவிட்டது. பெலிண்டா ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதாவது பேசுங்கப்பா என்றாள். என்ன பேச என்று அவர் கையால் கேட்டார். மத்தியானம் வாசித்ததிலேயே தொண்டை ரணமாகியிருந்தது. என்னமாவது, சும்மா பேசுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன் என்றாள்.

டோனி என்னையும் லேப்டாப்பையும் காட்டினார்.

"எல்லாம் மாமாகிட்ட இருக்கு பாப்பு. உனக்குன்னு தனியா பத்து வச்சிருக்கேன். அப்பா இப்பப் பேசினா வலிக்குதும்மா."

அவள் சரி என்று தலையாட்டினாள். அடம் பிடிக்கிற பிள்ளையே இல்லை அவள். அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றடி தூரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரைமணி நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். வலித்தாலும் பரவாயில்லை, ஃபோனிலாவது அந்தப் பத்தைத் திரும்பச் சொல்லியிருப்பார். ராத்திரி முழுக்கச் சொல்லியிருப்பார். கீழே ஆட்டோ வந்து நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். லூர்துராணி ஜெபமாலையை அவர் நெற்றியில் வைத்து எடுத்தாள். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மச்சான், மிஷின் ரெடியாயிருச்சுங்களா?"

"ஆயிக்கிட்டிருக்கு மாப்பிள்ளை. நீங்க போயிட்டு வாங்க."

அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொண்டுபோனார்கள். அவர் கடைசியாகப் பேசியது என்னிடம், அதற்கு நான் கொடுத்த பதில் பொய்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள். அத்தனை நாளும் புது மென்பொருளில் சின்னக் கோளாறு, சரி செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். தேவதர்ஷினி ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. ஸ்டீபன்ராஜிடம் மட்டும் உடைத்துச் சொன்னேன். அவன் அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. போய்ச் சொல்லுங்கண்ணே, இன்னைக்கே போங்க என்றான்.

போனேன். டோனி கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் நடுவே துளை, அதன் மேல் மெல்லிய துணி. மடியில் எழுதிக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சின்ன வெள்ளைப் பலகை. லூர்துராணி மூக்குக் குழாய் வழியாக ஊற்றுவதற்குக் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவ் மாறியதை, அழித்ததை, மீட்கப் பார்த்ததை. லூர்துராணி வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டோனி என்னைப் பார்த்து, போகட்டும் என்பதுபோல் கையை அசைத்தார். கை தவறுவது யாருக்கும் வரும் என்று நினைத்திருப்பார். பஸ்ஸில் மிச்சச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுச் சொந்தக் காசிலிருந்து கட்டியவர்தானே அவரும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பலகையை எடுத்து எழுதினார்.

'எப்பத் தெரியும்?'

ஆப்பரேஷனுக்குப் பிறகு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அந்த ஒரு பொய் மட்டும் எனக்கு வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கழுத்துத் துணி மேலும் கீழும் போய்வந்தது. முன்னால் எழுதியதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மெதுவாக எழுதி என் பக்கம் திருப்பினார்.

'ஆறு மணிக்குப் பாப்பு கேட்டா.'

பலகையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். லூர்துராணி எட்டிப் பார்த்துப் படித்தாள். அடுப்படிக்குள் போனாள். நான் பலகையைப் பிடித்தபடி நின்றேன். வாசலில் பெலிண்டா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் உள்ளே வருவதற்குள் நான் அந்த எழுத்தை அழித்துவிட்டேன்.