வாசலில் வைக்கோல்

அமிலத்தில் கிடந்த செப்புத் தகட்டின் மேல் குமிழிகள் சேரச் சேர, நீல்ட்யே வாத்து இறகால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காது மட்டும் தெருவில் இருந்தது.

அச்செடுக்கும் படத்துக்காகத் தகட்டில் பூசிய மெழுகில் கீறிய கோடுகளில், பீப்பாய் வண்டியை இழுத்துப் பாலமேறும் குதிரை. நான்கு மாத வேலை. இனி அதன் கால்கள்தான் அமிலத்தில் ஆழமாக அரிபட வேண்டும். அப்பா ஹோவர்ட் இதற்குக் கடிகாரம் பார்த்ததில்லை. பீர் ஆலைக் குதிரை சுமையோடு போகும்போது தகட்டை அமிலத்தில் இறக்குவார். திரும்பும் குளம்போசை கேட்டதும் எடுப்பார். பன்னிரண்டு வருடமாக அச்சு உருளை சுற்றும் மகளிடம், தகட்டை எடுக்கும் அந்தக் கணத்தை அவர் ஒருமுறையும் ஒப்படைத்ததில்லை. இன்றும் குதிரை போன ஓசை கேட்டுத்தான் இறக்கினாள்.

"வந்துச்சா?" அடுத்த அறையிலிருந்து, மூச்சுக்கு நடுவே அப்பாவின் குரல்.

"இன்னும் இல்லப்பா."

"நீயா எடுத்துறாத. உனக்கு அவசரம். குதிரைக்கு அவசரம் கிடையாது."

குமிழிகள் பெருத்தன. அதிகமானால் மெழுகு பெயரும். நான்கு கால்களும் ஒரே கறையாகிவிடும்.

அத்தை வில்மினா பாவாடையைத் தட்டியபடி வந்தாள். "வாசல்ல மூணு கட்டு வைக்கோல் பரப்பியாச்சு. சாகப்போறவன் தலையில வண்டிச் சத்தம் இடிக்க வேணாம்."

நீல்ட்யேவின் கை நின்றது. "எப்ப அத்தை?"

"நீ தகட்ட இறக்குனதுமே. ஏன், உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா? அப்பனப் பாக்காம தகட்டுக்குக் காவல் நிக்கிறவ!"

குதிரை திரும்பிப் போயிருக்கலாம். வராமலும் இருக்கலாம். வைக்கோல் மேல் குளம்போசை கேட்காது.

இடுக்கியால் தகட்டைத் தூக்கி நீரில் முக்கினாள். பின்னங்கால் மேல் மெழுகைச் சுரண்டினாள். நகம் கோட்டில் இறங்கி நின்றது. கோட்டின் ஓரம் உடையவில்லை, ஆழம் சரியாக இருந்தது.

அப்பாவின் கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"குதிரை...?"

"போயிடுச்சுப்பா. எடுத்துட்டேன்."

"எனக்குக் கேக்கலியே."

"எனக்குக் கேட்டுச்சு."

அவர் அவள் விரல்களை முகர்ந்தார். அமில வாசனை.

சற்று நேரத்தில் அத்தை தலையணையிலிருந்து ஓர் இறகை உருவி, மூச்சு இருக்கிறதா என்று அவர் மூக்கருகே பிடித்தாள். அது அசையவில்லை. எழுந்து ஜன்னல் திரையை இறக்கப் போனாள்.

"இருங்க அத்தை."

வெளியே, வெற்று வண்டியோடு திரும்பிவந்த பீர் ஆலைக் குதிரை வாசலில் நின்றிருந்தது. கால்கள் வைக்கோலில் புதைந்து தெரியவில்லை. வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், கடிவாளத்தை இழுக்கவில்லை. குதிரை தலையைத் தாழ்த்தி, சாவகாசமாக வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.