உதடு ஒட்டாத வசனம்

காலையிலிருந்தே தேனக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டப்பிங் அறையில் மைக் முன்னால் நின்றபடி செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். மேசைமேல் போன் அதிர்ந்தது. அம்மா. வழக்கம்போல எடுக்காமல் துண்டித்தாள்.

அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே பாஷை, மலைப்பாஷை. அதை இந்தக் கட்டடத்தில் யார் காதிலும் விழாமல் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள் தேனக்கா. கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறவள் மலைக்காரி என்று தெரிந்தால் மறுநாளே "உச்சரிப்பு கொஞ்சம் உதைக்குதே" என்பார்கள். நேற்றுவரை உதைக்காதது இன்றைக்கு எப்படி உதைக்கும் என்று கேட்க யாருக்கு வாய் இருக்கிறது?

படம் போர்ப்படம். அந்நியப் படையை எதிர்த்து ரகசியமாகப் போராடும் ஐந்து பெண்கள். நாலு பேர் பளபளவென்று இருந்தார்கள். குண்டு மழையிலும் கண்மை கலையவில்லை. ஐந்தாமவள் மலைப்பெண். தண்ணீர் கொண்டுவருவாள், காயத்துக்குக் கட்டுப் போடுவாள், இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப்போவாள். நடித்தவளும் நிஜமான மலைப்பெண்தான். படப்பிடிப்பு முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கதாநாயகிக்குப் பேசும் தேனக்காவே அவளுக்கும் சேர்த்துப் பேச வேண்டும்.

"எல்லா இனமும் இருக்கணும்னுதான் அவளைப் போட்டேன்," என்றார் இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. விருந்துக்குக் கூப்பிட்டு வாசலிலேயே உட்கார வைத்தவருக்கு இருக்கும் பெருமை அவர் முகத்தில்.

காட்சி வந்தது. மலைப்பெண்ணை அவள் வீட்டுக்கு எதிரிலேயே கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். துப்பாக்கிகள் நீள்கின்றன. அவள் பேச வேண்டியது, கதாநாயகனை நினைத்து: "என் காதல் உங்களுக்குத்தான்." சாகும்போதாவது அவளுக்கென்று சொந்தமாக ஒரு நினைப்பு இருக்கக் கூடாதா?

அவள் உதடுகள் நாலைந்து முறை மூடித் திறந்தன. வசனத்திலோ உதடு மூடும் இடமே இல்லை. தேனக்கா இழுத்துப் பார்த்தாள், விழுங்கிப் பார்த்தாள். ஒட்டுவேனா என்றது.

"அந்தப் பொண்ணு ஸ்பாட்ல வசனத்தை மறந்துட்டு என்னமோ உளறிட்டா. ஷாட் நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்," என்றார் இயக்குநர்.

"அவ பேசினதைக் கொஞ்சம் போடுங்க, தம்பி," என்றாள் தேனக்கா ஒலிப்பதிவாளரிடம்.

ஹெட்போனில் குரல் வந்தது. ஒலிப்பதிவாளர் சிரித்தான். "கோழி கொக்கரிக்கிற மாதிரி இல்ல, அக்கா?"

அந்தப் பெண் உளறவே இல்லை. மலைப்பாஷையில், மூடிய வீட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: அம்மா, வெளியே வராதே, உன்னையும் பார்த்துடுவாங்க.

இதையேதான் தேனக்காவும் தன் அம்மாவிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் சொல்லிவந்தாள். அந்தப் பெண் அம்மாவின் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். இவள் தன் பிழைப்பைக் காப்பாற்ற. வெட்கமாக இருந்தது.

"இன்னொரு டேக் போகலாம்," என்றாள்.

படம் ஓடியது. தேனக்கா அந்த வார்த்தைகளை அதே பாஷையில், அவள் சொன்னபடியே சொன்னாள். உதட்டோடு உதடு அச்சாக ஒட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அக்கா... இது உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தார் இயக்குநர்.

"எங்க வீட்டுப் பாஷை, சார்." அர்த்தத்தையும் சொன்னாள். "அவ உளறலை. இதையே வைங்க."

இயக்குநர் கழுத்தைத் தடவினார். "யோசிக்கணும். அப்புறம்... ஹீரோயின் சீனெல்லாம் இன்னைக்கு வேணாம். நானே கூப்பிடுறேன்."

கூப்பிட மாட்டார். இந்தக் குரலில் அவர் எத்தனை பேரை வழியனுப்பியிருக்கிறார் என்று இதே அறையில் நின்று கேட்டவள்தானே அவள்.

போன் மறுபடி அதிர்ந்தது. மைக் இன்னும் திறந்தே இருந்தது. தேனக்கா எடுத்தாள்.

"சொல்லும்மா," என்றாள் உரக்க, மலைப்பாஷையில்.

அம்மா குசுகுசுவென்று கேட்டாள்: "பக்கத்துல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருக்காங்கம்மா. நீ சத்தமாவே பேசு."